லிஸ்பனில் 'ஒரே நாளில் எல்லாம்' சுற்றுலா வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், குறிப்பாக வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்காக. "கலாச்சாரம், வரலாறு, முக்கிய இடங்கள், எல்லாம் ஒரே நாளில்" என்று இணையத்தில் விற்கப்படும் ஒரு பேக்கேஜை வாங்கி நாங்கள் நன்றாக ஏமாற்றப்பட்டோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அவ்வளவு தூரம் வந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வெளிச்சுவரை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பினார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்ததிலிருந்து எங்கள் பெயர்களிலும் கோயில்களிலும் அந்த நாட்டின் சுவடு உண்டு. அப்பாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தமிழ்ச் சொற்கள் முதன்முதலில் புத்தகமாக அச்சேறியது லிஸ்பனில்தான், 1554இல். ரோமன் எழுத்தில் தமிழும், கூடவே போர்த்துகீசியமுமாக வந்த சிறிய கிறிஸ்தவ ஞானோபதேசப் புத்தகம் அது. அந்த ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அப்பா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் காரணம் புனித அந்தோணியார். பதுவை அந்தோணியார் என்று நாம் சொன்னாலும் அவர் பிறந்தது லிஸ்பனில். அவர் கோயில் உள்ள புளியம்பட்டிக்கு வருடம் தவறாமல் போகிற அம்மாவுக்கு அவர் பிறந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பேக்கேஜில் சொல்லியிருந்தது இது: எட்டு மணி நேரம், ஏசி வேன், தகுதிபெற்ற வழிகாட்டி, ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கும் பெலேம் கோபுரத்துக்கும் வரிசையில் நிற்காமல் நுழைவு, அல்ஃபாமா பகுதியில் நடை, அந்தோணியார் கோயில், இரவு ஃபாடோ இசையுடன் சாப்பாடு. தலைக்கு 145 யூரோ. நான் செவ்வாய்க்கிழமைதான் கேட்டேன். "செவ்வாய் நிரம்பிவிட்டது, திங்கட்கிழமை இடம் இருக்கிறது, அதே நிகழ்ச்சிதான்" என்று பதில் அனுப்பினார்கள். அந்த மின்னஞ்சல்தான் பிறகு கைகொடுத்தது.

காலையில் வேன் வரவில்லை. நாற்பது நிமிடம் தாமதமாக ஒரு டுக்டுக் வந்தது. வேன் பழுதாம். ஓட்டுநரே வழிகாட்டியும். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லாத இளைஞர், ஆனால் வரலாறு தெரியவில்லை, தெரியாததை ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஏப்ரல் 25 பாலத்தைக் காட்டி, சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டியவர்களே இதையும் கட்டினார்கள் என்றார். நிறம் ஒத்திருப்பதால் பலரும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் 1966இல் இதைக் கட்டிய அமெரிக்க நிறுவனம் சான்பிரான்சிஸ்கோவில் கட்டியது வேறு பாலம், ஓக்லாண்டுக்குப் போகிற பே பிரிட்ஜ். முதலில் சர்வாதிகாரி சலாசாரின் பெயரில் இருந்த பாலம், 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகுதான் இந்தப் பெயரைப் பெற்றது. அந்தக் கதையில் எவ்வளவு இருக்கிறது! அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மடாலயமும் கோபுரமும் இருக்கும் பெலேம் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். மடாலயத்தின் கதவு மூடியிருந்தது. "எதிர்பாராத மூடல், நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். அப்பா இறங்கி மெதுவாக நடந்துபோய் வாசலில் இருந்த பலகையைப் படித்தார். திங்கட்கிழமை விடுமுறை. கூடவே ஜனவரி 1, ஈஸ்டர் ஞாயிறு, மே 1, ஜூன் 13, டிசம்பர் 25. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூடியிருக்கும் இடத்துக்குத் திங்கட்கிழமை நுழைவுச்சீட்டு விற்றிருக்கிறார்கள்! பெலேம் கோபுரமும் அப்படியே, அதற்கும் திங்கள் விடுமுறை. அந்த ஊரிலேயே தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இந்த மடாலயத்தின் உள்ளே போவது எங்களுக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். இதைக் கட்டும் வேலை 1501 வாக்கில் தொடங்கியது. செலவில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகள் மீது போட்ட ஐந்து சதவீத வரியிலிருந்து வந்தது. மிளகு வரி என்றே அதற்குப் பெயர். மலபார்க் கரையில் ஏறிய மிளகு இங்கே கல் தூணாக நிற்கிறது. உள்ளே கோயிலில் நுழைந்ததும் ஒருபுறம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, எதிர்ப்புறம் கவிஞர் கமோயிஷின் கல்லறை. காமா 1524இல் கொச்சியில் இறந்து முதலில் அங்கேதான் புதைக்கப்பட்டார். அந்தக் கல்லறை முன் நின்று யோசிக்க நம் கரை மக்களுக்கு நிறைய இருக்கிறது, எல்லாம் பெருமையாக இருக்காது. 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை ஆட்களோடு எரித்தவர் அவர். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு கதவும் பத்து நிமிடப் புகைப்பட நேரமும்.

கோபுரத்தின் முன்னால், "காமா இந்தியாவுக்குக் கிளம்பியபோது இந்தக் கோபுரத்துக்கு வணக்கம் செலுத்திவிட்டுத்தான் போனார்" என்று விளக்கம் வந்தது. காமா கிளம்பியது 1497 ஜூலையில். கோபுரம் கட்ட ஆரம்பித்தது 1514இல். அப்பா இதைப் பொறுமையாகச் சொன்னபோது அந்த இளைஞர் சிரித்து, "நான் ஓட்டுநர்தான் சார், இன்று காலைதான் என்னைக் கூப்பிட்டார்கள்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மணிக்கணக்குக்குக் கூலி வாங்குகிற பையனை வழிகாட்டி என்று சொல்லி அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

அப்புறம் நிகழ்ச்சியிலேயே இல்லாத ஒரு கடை. அசுலேஷு எனப்படும், சுவரில் பதிக்கும் நீலம் தீட்டிய ஓடுகள் விற்கும் கடை. அங்கே மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. "18ஆம் நூற்றாண்டு ஓடு, சான்றிதழ் தருகிறோம்" என்று ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார்கள், 60 யூரோ. திருப்பிப் பார்த்தேன், பின்புறம் சுவரின் சுண்ணாம்புக் காரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு ஓரம் உளிபட்டு உடைந்திருந்தது. லிஸ்பனில் பழைய வீடுகளின் முகப்பிலிருந்து ஓடுகளைப் பெயர்த்துத் திருடி விற்பது பல வருடமாக நடக்கிற குற்றம். அதைத் தடுக்க 2007இல் போர்ச்சுகல் குற்றப் புலனாய்வுக் காவல்துறையின் அருங்காட்சியகமே ஒரு தனித் திட்டம் தொடங்கியது. அந்தக் கடை ஓடு திருட்டு ஓடா, இல்லை பழையதுபோலச் செய்த புது ஓடா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. ஞாபகத்துக்கு வேண்டுமென்றால், இன்றைய பட்டறைகளில் செய்த ஓடு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் கடையில் வாங்குங்கள்.

அல்ஃபாமா நடை என்பது போர்த்தாஸ் தோ சோல் மேட்டில் இறக்கிவிட்டு, கால்மணி நேரத்தில் வாருங்கள் என்பதாக முடிந்தது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, கோயில்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில் பூகம்பம் வந்து, அதன்பின் கடலும் நெருப்பும் வந்து கீழே இருந்த ஊரையே அழித்தன. பெரும்பகுதி தப்பிய பழைய பகுதி இந்த அல்ஃபாமாதான். சந்து சந்தாக நடந்தால்தான் அது புரியும்.

அந்தோணியார் கோயில் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "பார்க்கிங் இல்லை" என்று வண்டியை நிறுத்தாமலே கடந்தார். அம்மா ஓடுகிற வண்டியிலிருந்தே சிலுவை போட்டுக்கொண்டு, "போகட்டும் விடு தம்பி" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை.

இரவுச் சாப்பாடு. உட்கார்ந்த உடனே கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, ஒரு தட்டு பன்றித்தொடை இறைச்சி எல்லாம் மேசைக்கு வந்தன. அங்கே இதற்குக் 'கூவேர்' என்று பெயர். பேக்கேஜில் சாப்பாடு அடக்கம் என்பதால் இதுவும் அடக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாங்கள் ரொட்டியைத் தவிர எதையும் தொடவில்லை. கடைசியில் கூவேருக்கு மட்டும் 38 யூரோ பில். போர்ச்சுகல் சட்டப்படி, வாடிக்கையாளர் கேட்காத, தொடாத கூவேருக்குப் பணம் வாங்கக் கூடாது. இதைச் சொன்னேன். பரிமாறியவர் காதில் வாங்கவில்லை. அப்போது, "லிவ்ரு த ரெக்லமசோயிஷ் கொண்டுவாருங்கள்" என்றேன். புகார்ப் புத்தகம். அங்கே பொதுமக்களோடு தொழில் செய்யும் எந்த இடத்திலும் அது இருக்க வேண்டும், கேட்டால் தர மறுக்கக் கூடாது, மறுத்தால் காவல்துறையைக் கூப்பிடலாம். மேலாளர் உடனே வந்தார். ரொட்டிக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு மற்றதைப் பில்லிலிருந்து நீக்கிவிட்டார். இருந்தாலும் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் வந்தேன். அதன் ஒரு நகல் நமக்குக் கிடைக்கும், பத்திரமாக வையுங்கள்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபாடோ 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. நல்ல இடத்தில் பாட்டு தொடங்கும் முன் விளக்கைக் குறைப்பார்கள், பரிமாறுவதை நிறுத்துவார்கள், பேச்சு அடங்கும். பன்னிரண்டு தந்தி உள்ள போர்த்துகீசிய கிதார் குரலோடு இழைந்து வரும். எங்களுக்குக் கிடைத்தது தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவில் ஒலிப்பதிவு இசையோடு இரண்டு பாட்டு, அதன்பின் அடுத்த கூட்டத்துக்கு மேசை வேண்டும் என்ற அவசரம். பாடிய அம்மாளின் குரல் அருமையான குரல். அவருக்கும் அங்கே அநியாயம்தான் நடக்கிறது.

செவ்வாய்க்கிழமை நாங்களே கிளம்பினோம். நகர மையத்திலிருந்து 15ஆம் எண் டிராம் நேராகப் பெலேமுக்குப் போகிறது. கூட்டத்தில் பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், 28ஆம் எண் டிராமில் இன்னும் கவனம் தேவை. மடாலயச் சீட்டை அரசின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே வாங்கினேன், இடைத்தரகர் விலையில் சிறு பங்குதான். அந்தோணியார் கோயிலில் அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் நிலவறைக்கு இறங்கக் கட்டணம் எதுவும் இல்லை. அம்மா வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு கார்மோ மடத்துக்குப் போனோம். பூகம்பத்தில் கூரை விழுந்து, வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. லிஸ்பனில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை சில. எந்தக் கிழமை எது மூடியிருக்கும் என்று அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். பெலேமுக்குத் திங்கள் விடுமுறை என்றால் குல்பென்கியன் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். சுற்றுலா நடத்தும் நிறுவனங்கள் போர்ச்சுகல் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் பிறகு கேட்டபோது இந்த நிறுவனம் அதற்குப் பதிலே சொல்லவில்லை. வழிகாட்டி யார், எந்த மொழியில் பேசுவார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. புகார்ப் புத்தகத்துக்கு இணைய வடிவமும் உண்டு, ஊர் திரும்பிய பிறகும் அதில் பதியலாம். நான் பதிந்ததும், "நுழைவு என்பது அந்த இடங்களின் வேலை நேரத்தைப் பொறுத்தது" என்று பதில் அனுப்பி, அடுத்த பயணத்துக்கு 20 யூரோ கூப்பன் கொடுத்தார்கள். சரி என்று விடாமல் கார்டு வங்கிக்கு எழுதினேன். திங்கட்கிழமைக்கு மாற்றச் சொன்ன மின்னஞ்சல், மடாலயத்தின் விடுமுறைப் பட்டியல், நான் வாங்கிய அன்று அவர்கள் பக்கத்தை எடுத்த ஸ்கிரீன்ஷாட், மூன்றையும் அனுப்பினேன். மூன்று பேருக்குமான தொகையில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. இதற்கிடையில் அவர்கள் தளத்தில் "உள்ளே நுழைவு" என்று இருந்த வரியை "வெளியிலிருந்து பார்வை" என்று மாற்றிவிட்டார்கள், விலையை மாற்றவில்லை. பழைய ஸ்கிரீன்ஷாட் இல்லையென்றால் என்னிடம் காட்ட எதுவுமே இருந்திருக்காது. பணம் கட்டும் அன்றே முழுப் பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.