களப்புக்கு மகஜர் அடிக்க இந்தக் கச்சேரியடிக் கடைக்குப் போகலாமா?

போகலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்றுக்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

திருகோணமலைக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகப் பக்கம் விண்ணப்பம், மகஜர், சத்தியக்கடதாசி எல்லாம் அடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கிறதல்லவா, அதில் ஒன்று. ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர், டைப் பண்ண ஒரு தங்கச்சி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், அவ்வளவுதான் கடை.

எங்கள் மீனவர் சங்கத்துக்குத்தான் வேலை. களப்போரம் கண்டல் மரங்களை வெட்டிவிட்டு டிப்பரில் கிரவல் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்குகிற இடம் அது, மாரியில் ஊருக்குள் ஏறுகிற வெள்ளம் தோணா என்கிற வாய்க்காலால் வடிவதும் அந்தப் பக்கம்தான். முறைப்பாடு போட வேண்டும் என்பதில் சங்கத்தில் எல்லோரும் ஒரே பேச்சு, ஆனால் யாரிடம் போடுவது என்பதில் பெரிய சண்டை.

அது தெரிந்திருப்பதுதான் இந்தக் கடையின் பெறுமதி. மரம் வெட்டினதா, வன இலாகா. மீன் பிடிக்கிற தண்ணியா, கடற்றொழில் திணைக்களம். சரணாலயமென்றால் வனசீவராசிகள், கொக்கிளாய்க் களப்பு மாதிரி, அது 1951இலேயே சரணாலயமாக்கப்பட்டது, எங்களுடையது அப்படி இல்லை. நிரப்பின துண்டில் வயல் காணி இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரும், எழுத்தில் அனுமதி இல்லாமல் வயலை மூட முடியாது. களப்பு கடலோடு தொடுப்பு என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி. இவ்வளவையும் ஐயா வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார். ஈரநிலத்துக்கென்று நாட்டில் 2006இல் ஒரு தேசியக் கொள்கை வந்தது, சரி, ஆனால் ஒரே களப்புக்கு இத்தனை திணைக்களம் சொந்தக்காரர், கேட்கப் போனால் எல்லோரும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுவார்கள்.

மாகாண சபைக்கு ஒரு பிரதி போடலாமா என்று கேட்டேன். தலைமைச் செயலகம் இந்த ஊரில்தான், ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்காமலே கிடந்ததில், அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்க உறுப்பினர் யாரும் இல்லை, ஆளுநருக்குத்தான் போட வேண்டும் என்றார். அதோடு மகாவலி மாதிரிப் பல மாகாணம் தாண்டி வருகிற ஆற்றின் தண்ணி அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மத்திய அரசின் கையில். மூதூரில் கடலில் விழுகிற தண்ணிக்குக் கொழும்பில் போய்க் கேட்க வேண்டும்!

நான் எழுதிக்கொண்டு போன வரைவில், ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ராம்சார் உடன்படிக்கை பற்றி ஒரு நீளமான பந்தி இருந்தது. "தம்பி, இதை எடுத்துவிடுங்கோ, காணித்துண்டு எங்கே கிடக்கு எண்டு போடுங்கோ" என்று வெட்டிவிட்டார். எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் நாட்டின் ஆறு ராம்சார் இடங்களில் கிழக்கில் இருப்பது குமண மட்டும், எங்கள் மாவட்டத்துக் களப்பு ஒன்றுகூட இல்லை, அதனால் அந்தப் பந்தியால் எங்களுக்குப் பலம் எதுவும் கிடைத்திருக்காது. அந்த இடத்தில் கிராம சேவையாளர் பிரிவு, எல்லை, படம், திகதி எல்லாம் ஏறின.

ஐயா தந்த நல்ல யோசனை இனித்தான். மகஜரோடு சேர்த்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் அடித்தார். அதில் ஒரேயொரு கேள்வி: இந்த இடத்தை நிரப்ப அனுமதி கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் பிரதி தாருங்கள். மகஜரைக் கோப்பில் போட்டு மூடலாம், இதற்கோ 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்று பதில் வந்தது. அந்த ஒரு தாளைக் கொண்டுபோய்த்தான் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் விஷயத்தை எடுக்க வைத்தோம். டிப்பர் இப்போது வருவதில்லை. கொட்டின கிரவலை அள்ளச் சொல்லி யாரும் உத்தரவு போடவும் இல்லை, அதற்குக் கடையைக் குறை சொல்லக் கூடாது.

அந்தக் குறைந்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் மற்றப் பக்கம் எழுத்தெல்லாம் குழம்பிப் போய்த் திறக்கிறது, யூனிகோடில் தரச் சொல்லி முதலே கேளுங்கள், தங்கச்சிக்குத் தெரியும், கேட்காவிட்டால் செய்யமாட்டார். பற்றுச்சீட்டு தருவதில்லை, சங்கக் கணக்கில் காட்டப் பொருளாளர் படாத பாடு பட்டார். சிங்களப் பிரதிக்குத் தனிக் காசு, ஆள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும், ஆனாலும் கொழும்புக்குப் போகிற கடிதம் என்றால் எடுத்துவிடுங்கள், மொழிபெயர்க்க ஆளில்லை என்று கோப்பைத் தூங்கவிடச் சாட்டு இருக்காது.

பொதுமக்கள் நாளில் போனால் வாசலில் நிற்கவே இடமில்லை. மற்ற நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னம் போங்கள். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் போட்டு, அந்தத் துண்டுகளை மகஜர்ப் பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.