'சும்மா வந்து பேசிட்டுப் போங்க' என்று பள்ளியில் கூப்பிட்டால்: ஒரு நாள் பயிற்சி எப்படி இருந்தது?

ஒரு தனியார் பள்ளியின் தாளாளர், "இன்டர்வியூ எல்லாம் இல்லைம்மா, சும்மா வந்து பேசிட்டுப் போங்க" என்றதும் எதைத் தயார் செய்வது என்றே புரியாமல், திருச்சியில் ஆசிரியர்களுக்காக நடத்தும் ஒரு நாள் பயிற்சிக்கு 600 ரூபாய் கட்டிப் போனேன். கொடுத்த பணத்துக்கு மோசமில்லை.

காலை முழுக்க வீண். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்வி, முதல் தாள் 1 முதல் 5 வகுப்புக்கு என்று பி.எட். முடித்த எல்லோருக்கும் தெரிந்ததையே ஓட்டினார்கள். மதியம்தான் விஷயமே இருந்தது. பயிற்சி தரும் அக்கா தாளாளர் மாதிரி எதிரில் உட்கார்ந்து, "மூன்றில் ஒன்றை விட நான்கில் ஒன்றுதான் பெரிது, ஏன்னா மூன்றை விட நான்கு பெரிசு என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீங்க?" என்று கேட்டார். நான் பகுதி, தொகுதி என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் நிறுத்தி, ஒரே அளவில் இரண்டு தாள் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொன்னார், அவ்வளவுதான், பிள்ளையே கண்ணால் பார்த்துவிடும்!

அப்புறம் நாம் கேட்க வேண்டியவை: மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா, வாரத்துக்கு எத்தனை பீரியட். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். இதற்காகவே அவருக்கு நன்றி.

ஒரே குறை, 18 பேர் இருந்ததால் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. பத்துப் பேரோடு நிறுத்தினால் கூடுதலாகக் கொடுத்தும் போவேன். திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்குப் போகிறேன், இரண்டு வெள்ளைத் தாளைப் பையில் வைத்துவிட்டேன்.