ஸ்கிராட்ச்: அக்கா மகளுக்குத் திறந்து கொடுத்தேன்

அவளுக்கு 13 வயது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஸ்கிராட்ச், அதாவது பிளாக்குகள் எனும் கட்டளைத் துண்டுகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) உருவாக்கும் மென்பொருள், இலவசம்தானே என்று கோடை விடுமுறையில் தொடங்கினோம். முதல் நாளே திரையில் இருக்கும் பூனை ஓடியது, ஆனால் திரையின் ஓரத்தில் முட்டியதும் தலைகீழாகத் திரும்பிவிட்டது, "ஏன் சித்தி இப்படி?" என்று கேட்டுக்கொண்டே அரை மணி நேரம் பிளாக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, சுழலும் விதத்தை இடம்-வலம் என்று வைக்க வேண்டும் என அவளே கண்டுபிடித்தாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கு ரொம்பப் பிடித்தது ரீமிக்ஸ். வேறொரு பிள்ளை பகிர்ந்த விளையாட்டின் உள்ளே போய் நிரலைப் பார்க்கலாம், மாற்றித் தன் பக்கத்தில் போடலாம், மூலம் யாருடையது என்பதும் அதிலேயே தெரியும். தட்டச்சு செய்து நிரல் எழுதும் பழக்கம் மட்டும் இதில் வராது, அதற்குப் பைத்தான் போன்ற நிரல்மொழி வேண்டும். சரி, அவசரமில்லை. இப்போது அவள் தன் தோழிக்குக் கற்றுக்கொடுக்கிறாள்.