தட்டை ஷூவிலிருந்து மியூரா விஎஸ்ஸுக்கு

முதல் க்ளைம்பிங் ஷூவை, அதாவது பாறையும் செயற்கைச் சுவரும் ஏறப் போடும் ஷூவை, நாம் அலசி ஆராய்ந்து வாங்குவதில்லை. கால் வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அப்படி அமைந்தது லா ஸ்போர்ட்டிவாவின் டாரன்டுலேஸ். தட்டையான அடிப்பாகம், 5 மி.மீ. ரப்பர், லேஸ் கட்டு. ஏறப் பழகும்போது காலைச் சுவரெல்லாம் தேய்ப்போம். அந்தத் தேய்ப்பைத் தாங்கத் தடித்த ரப்பர்தான் சரி.

6பி அளவு (ஏறும் பாதையின் கடினத்தைச் சொல்லும் கிரேடு) ரூட்டுகளுக்கு வந்தபோதுதான் அதன் எல்லை தெரிந்தது. சின்ன விளிம்பில் கால் கட்டைவிரலைச் சரியாகத்தான் வைப்பேன். உடம்பின் எடை இறங்கியதும் ஷூவின் முனை மடங்கி, கால் வழுக்கும். வைத்த இடம் சரியாக இருந்தும் ஷூ நிற்கவில்லை என்றால் மட்டும் புது ஷூவைப் பற்றி யோசியுங்கள். கால் சுவரில் 'டப் டப்' என்று மோதி, தேடித் தடவி நிற்பவருக்கு எவ்வளவு நல்ல ஷூவும் கிரேடைக் கூட்டித் தராது.

நான் எடுத்தது அதே லா ஸ்போர்ட்டிவாவின் மியூரா விஎஸ். மூன்று வெல்க்ரோ பட்டை, 4 மி.மீ. வைப்ரம் எக்ஸ்எஸ் எட்ஜ் ரப்பர். முனை கீழ்நோக்கி வளைந்து, கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். குதிகாலைச் சுற்றி இழுவிசையோடு ஓடும் ரப்பர் பட்டை பாதத்தை முன்னே தள்ளுவதால், விரல்கள் லேசாக மடங்கி, பலமெல்லாம் கட்டைவிரல் நுனிக்கு வந்து சேர்கிறது. எக்ஸ்எஸ் எட்ஜ் சற்றுக் கடினமான ரப்பர். எடை ஏறினாலும் விளிம்பில் உருக்குலைவதில்லை. நகத்தளவு விளிம்பில் ஏறி நின்று, நிதானமாக அடுத்த ஹோல்டை (பிடிமானத்தை) பார்க்க முடிகிறது. கால் நிற்கும் என்ற நம்பிக்கை வந்ததும் கைகள் தானாகவே பிடியைத் தளர்த்துகின்றன. முன்கை வீங்குவது குறைந்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். காலுக்கு வாங்கிய ஷூ, பலன் கைக்கு!

நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் ஓவர்ஹாங் சுவரில் இன்னொரு வசதி. வளைந்த முனையால் ஹோல்டைக் கொக்கிபோலப் பற்றி இழுக்கலாம். இடுப்பு சுவரோடு ஒட்டியே இருக்கும்.

எல்லா இடத்திலும் இப்படியில்லை. விளிம்பே இல்லாத ஸ்லாப்பில் (சரிவான பாறையில்) ரப்பரைப் பரப்பி உராய்வில் நிற்க வேண்டும். அங்கே இதன் விறைப்பு இடைஞ்சல்தான், பாறையின் சொரசொரப்பும் பாதத்துக்கு எட்டுவதில்லை. மேல்பாதத்தை ஹோல்டில் மாட்டி இழுக்கும் டோ ஹூக்குக்கும் இது உகந்ததல்ல. ஓவர்ஹாங்கில் போல்டரிங்தான் (கயிறில்லாமல் தாழ்ந்த உயரத்தில் ஏறுவது) உங்கள் உலகம் என்றால், மென்மையான எக்ஸ்எஸ் கிரிப் 2 ரப்பர் போட்ட லா ஸ்போர்ட்டிவா சொல்யூஷன், முன்பக்கம் முழுக்க ரப்பர் போர்த்திய ஸ்கார்ப்பா இன்ஸ்டிங்க்ட் விஎஸ் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விளிம்புகள் நிறைந்த, செங்குத்துக்குச் சற்று முன்பின்னான பாறையில் ஏறுபவருக்கு மியூராவையே சொல்வேன்.

அளவு விஷயத்தில் நிறையப் பேர் தேவையில்லாமல் தியாகம் செய்கிறார்கள். மூன்று அளவு குறைத்து வாங்கு, போகப்போக நெகிழும் என்று ஜிம்மில் யாராவது சொல்வார்கள். உள்ளே லைனிங் இல்லாத தோல் ஷூ நன்றாகவே நெகிழும். லைனிங் போட்டதும் செயற்கைத் தோலும் அவ்வளவு நெகிழாது. விரல் மடங்கலாம், மரத்துப்போகக் கூடாது. குதிகாலில் காற்று இடைவெளி இருந்தால், முன்பக்கம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் வேண்டாம். குதிகாலை ஹோல்டில் மாட்டி இழுக்கும் ஹீல் ஹூக் போடும்போது கழன்றுவிடும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், சாக்ஸ் இல்லாமல் போட்டு, ஏதாவதொரு சின்ன விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள்.

மியூராவைப் போட்டுக்கொண்டு தரையில் திரியாதீர்கள். இறங்கியதும் கழற்றுவேன். வார்ம்அப்புக்கும் நீளமான எளிய ரூட்டுகளுக்கும் இப்போதும் பழைய டாரன்டுலேஸ்தான். மியூராவின் மெல்லிய ரப்பரை அங்கே கரைப்பானேன்? முனையில் அடிரப்பரும், ஷூவின் பக்கவாட்டைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான ரேண்டும் சேரும் கோட்டை அவ்வப்போது பாருங்கள். தேய்மானம் அந்தக் கோட்டை எட்டும்போதே ரீசோலுக்கு (புது அடிரப்பர் ஒட்ட) கொடுத்தால் அடிரப்பரை மாற்றுவதோடு வேலை முடியும். ரேண்டில் ஓட்டை விழுந்துவிட்டால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவும் கூடும், ஷூவின் பழைய வடிவமும் அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.