பழைய லாண்ட் றோவரின் கூரை ஒழுக்கு: சில மாரிகள் கண்ட பிறகு எழுதுவது

யாழ்ப்பாணத்தில் பழைய லாண்ட் றோவர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கார்த்திகை மாதத்தில் இருக்கைக்கு மேல் பொலித்தீன் விரித்து ஓட்டிப் பழகியவர்கள். கூரை ஒழுகுவது இந்த வண்டியின் பிறவிக் குணம், அதை மாற்ற முடியாது என்ற பேச்சும் அவர்களிடையே உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒழுக்கின் பெரும்பகுதியை நிறுத்த முடியும்; ஆனால் அந்த வேலையில் புதிதாகப் பூசுவதைவிடப் பழைய பூச்சை வழித்தெடுப்பதற்கே அதிக நேரமும் கூலியும் போகும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் இருப்பதைப் பழுதுபார்ப்பதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

என்னுடையது 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட சீரிஸ் 3 வகையில், நீளமான உடலும் இரட்டைக் கூரையும் கொண்ட வண்டி. வெப்ப நாடுகளுக்கென்று இந்த இரட்டைக் கூரையை அமைத்தார்கள். பிரதான கூரைக்கு மேல் சிறிது இடைவெளி விட்டு இன்னொரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். இடையே காற்று ஓடுவதால் உள்ளே சூடு குறையும். சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும். ஆனால் அந்த மேல்தகட்டைத் தாங்கும் ஒவ்வொரு பிடிப்பும் கீழ்க்கூரையில் ஒரு துளை. அந்தத் துளைகள் மேல்தகட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் புலப்படாது. உலகப் போருக்குப் பிறகு உருக்குக்கு நிலவிய தட்டுப்பாட்டால் 1948இல் முதல் லாண்ட் றோவரின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள், பின்னால் வந்தவையும் அதையே தொடர்ந்தன. முன்கண்ணாடியின் சட்டமோ உருக்கு. அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாக உதிரும், உப்புக் காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு ஓடும் வண்டிகளில் அந்தப் பொடியைக் கூரையின் முன்விளிம்பில் விரலால் தொட்டே பார்க்கலாம்.

நம்முடைய காலநிலையும் இந்த மூட்டுகளுக்கு ஒத்துவருவதில்லை. மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான வாடைக்காற்றுக் காலத்தில் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் கூரை வெயிலில் காய்ந்து கிடக்கும், சோளகம் வீசும்போது புழுதி எல்லா இடுக்கிலும் போய் அடையும். இரண்டு மீற்றர் நீளமான அலுமினியத் தகட்டின் வெப்பநிலை 40 பாகை ஏறினால் அது ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் நீளும். அதே நீள உருக்கு அதில் பாதியளவுதான் நீளும். இரண்டும் சேருமிடத்தில் இந்த இழுபறி ஒவ்வொரு பகலும் இரவும் நடக்கிறது. அதனால் இறுகிக் கல்லாகும் எந்தப் பூச்சும், வண்டி உடலின் நெளிவுகளை நிரப்பப் பயன்படும் ஃபில்லர் உட்பட, ஒரு வெயில்காலத்திலேயே மயிரிழையாக வெடித்துவிடும். பார்ப்பதற்கு வேலை சுத்தமாக இருக்கும், முதல் மழையில் பழைய இடத்திலேயே சொட்டும்.

வேலையை ஆவணியில் தொடங்கினேன். உள்கூரைத் துணியையும் அட்டைகளையும் கழற்றாமல் ஒழுக்கைத் தேடுவது வீண், ஏனெனில் தண்ணீர் புகுந்த இடத்திலிருந்து தகட்டின் மடிப்பு வழியே நெடுந்தூரம் ஓடி வேறெங்கோ சொட்டுகிறது. ஓட்டுநரின் வலது தோளில் விழுந்த நீர் என் வண்டியில் பின்பக்கத்துப் பிடிப்பொன்றிலிருந்து வந்ததாகும். உட்புற மூட்டுகள் எல்லாவற்றிலும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, வெளியே குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடச் சொன்னேன். கீழ் விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடங்கள் நிறுத்தி, பிறகே மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் விளங்காது. டோர்ச் வெளிச்சத்தில் பவுடரின் மேல் கறுத்த கோடொன்று ஊர்ந்து வருவது தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டின் தலையைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும்.

குறித்த இடங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வண்டியை முன்பு வைத்திருந்தவர் பூசிய சிலிக்கன் இருந்தது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பூசும்போது வினாகிரி மணக்கும் அந்தச் சிலிக்கனை வாகனக் கூரைக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காயும்போது அது வெளிவிடும் அசற்றிக் அமிலம் உலோகத்தைத் தாக்கும். அதன்மேல் பெயின்ற் பிடிக்காது. அதன் எச்சம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் அடுத்துப் பூசும் எதுவும் ஒட்டாது. குளியலறை மூலைக்கு அது போதும். வண்டியை முதலில் காட்டிய, தகட்டு வேலை செய்யும் ரிங்கர் ஐயா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, உந்தச் சிலிக்கனை முழுக்க வழிச்செடுத்துப்போட்டு என்னட்டக் கொண்டு வாங்கோ, அதுக்குப் பிறகு கதைப்பம்” என்று அனுப்பிவிட்டார். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, பெயின்ற் கரைக்கும் ரின்னர் தோய்த்த துணியால் துடைத்து, மறுபடி சுரண்டி, மேல்தகட்டைக் கழற்றி அதன் அடியிலும் அதையே செய்தோம். இரும்புக் கம்பி பிரஷ்ஷை அலுமினியத்தில் போட அவர் விடவில்லை. இரும்புத் துகள் தகட்டில் பதிந்தால் அங்கேயே அரிப்புத் தொடங்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அடுத்தது தகடுகளை இணைக்கும் ஆணிகளான றிவிட்டுகள். பழுதுபார்த்த வண்டிகளில் பொதுவாகக் காணப்படும் பொப் றிவிட்டின் நடுவில் ஊசித் துளை உண்டு, உள்ளேயிருக்கும் ஆணித்தலை காலப்போக்கில் தளர்ந்து விழுந்துவிட்டால் அந்தத் துளை நேரே கூரைக்குள் திறந்திருக்கும். தளர்ந்தவற்றைத் துளைத்தெடுத்து, அடி மூடிய வகை அலுமினிய றிவிட்டுகளைப் பசையில் தோய்த்து அடித்தோம். இவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. வெறும் அலுமினியத்தில் சாதாரணப் பெயின்ற் நிற்காது என்பதால் முதலில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு பொலியூரதேன் பசையை மூட்டுகளில் வைத்தோம். நான் பயன்படுத்தியது சிக்காஃபிளெக்ஸ் 221. இவ்வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மேலிருந்து உள்நோக்கி இறுகுகிறது, நாளொன்றுக்குச் சில மில்லிமீற்றர் ஆழமே காயும். ஆகவே தடிப்பாக அப்பிவிட்டு மறுநாளே ஓடக் கூடாது. இறுகிய பிறகும் அது றப்பரைப் போல வளைந்து கொடுக்கிறது, தகட்டின் இழுபறியைத் தாங்குகிறது. வெயில் நேரே படும் இடத்தில் மேற்பரப்பு வெளிறிப் பொடியும் என்பதால் மேலே பெயின்ற் அடிப்பது அவசியம்.

கூரைக்கும் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் இடையில் பசை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே வண்டி முறுகும்போது அசைவு அதிகம், பின்னர் கழற்றவும் வேண்டிவரும். புதிய றப்பர் பட்டையை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சிறிது சிறிதாக இறுக்கினோம். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் றப்பர் நெளிந்து வழிவிடும்.

அதன்பின் மாரிகள் சில கடந்துவிட்டன, வடமராட்சி கிழக்கின் மணற்பாதைகளிலும் வண்டி நன்றாகக் குலுங்கியிருக்கிறது. கூரையோரத் தண்ணீர்வாய்க்காலின் மூட்டுகளும் மேல்தகட்டின் பிடிப்புகளும் இன்றுவரை காய்ந்தே இருக்கின்றன. வண்டி நின்றிருக்கையில் முன்விளிம்பு ஒழுகாது. பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றில் வேகமாகப் போனால் இடது மூலையில் மெல்லிய ஈரம் தெரிகிறது. கால் நனைவதற்குக் கூரையைக் குறை சொல்பவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுக் கதவுகளைத் திறந்து அவற்றின் பஞ்சுப் பட்டையைப் பார்க்கட்டும். எனக்கு அங்கிருந்தும் ஒரு பங்கு வந்தது. மார்கழி விடியலில் தகட்டின் உட்புறம் வியர்ப்பதும் ஒழுக்கல்ல, கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்தால் குறைந்துவிடும்.

பராமரிப்பில் எனக்குத் தொல்லை தருவது முருங்கையிலைதான். வேப்பிலையைக் கையால் அள்ளலாம்; முருங்கையின் பொடி இலை வாய்க்காலில் ஊறிக் களியாகி வடியும் இடத்தை அடைத்துவிடுகிறது, தேங்கிய நீர் மூட்டின் மேல் நாள்கணக்கில் நிற்கிறது. வண்டியை மரத்தடியிலிருந்து மாற்றியதும் பாதி வேலை குறைந்தது. தறப்பாள் போட்டு மூடுவதையும் நிறுத்திவிட்டேன், அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துப் பெயின்ரைக் கொப்பளிக்கச் செய்தது.

மிச்சமிருப்பது கூரையின் வளைவில் பதித்த சிறு பக்கக் கண்ணாடிகள். அவற்றின் றப்பர் வெயிலில் இறுகி மூலைகளில் வெடித்திருக்கிறது, பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தால் பிடரியில் சொட்டும். அதற்குள் பசை செலுத்தித் தருவதாக ஒரு கராஜில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை, றப்பர் மாற்றும்போது கண்ணாடி உடையாமல் வர வேண்டுமல்லவா. புதிய றப்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் வரும் ஆவணிக்குள் போட்டுவிட வேண்டும்.