புள்ளியில்லாத வெள்ளைக்கு 18,000 ரூபாய்: ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு யாராவது முன்பணம் கொடுத்திருந்தால், மீதியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன தை மாதம் நான் ஏமாந்த கதை இது. விற்றவரின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டு விளக்கு தெரிய வேண்டுமென்றால் மாடியேற வேண்டும். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றதும் மனைவியின் தம்பி, "வாங்கினால் ராஜபாளையம்தான் வாங்க வேண்டும், அத்தான்" என்று முடிவே கட்டிவிட்டான். நம் மண்ணின் நாய், வெயில் தாங்கும், 2005இல் அஞ்சல்தலையாக வெளியிடும் அளவுக்குப் பெயர் பெற்றது என்று அவன் அடுக்கியதெல்லாம் உண்மைதான். அவனைக் குறை சொல்லவில்லை.

பண்ணை என்றார்கள். போய்ப் பார்த்தால் வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள், 45 நாள் ஆனவை. ஆறு குட்டிகள் பால் வெள்ளை. ஏழாவதற்கு மட்டும் இடது காதையும் அதை ஒட்டிய கன்னத்தையும் மூடி பிஸ்கட் நிறத்தில் ஒரு திட்டு. அந்தக் குட்டிதான் நான் உட்கார்ந்ததும் முதலில் ஓடிவந்து என் செருப்பு வாரைக் கடித்தது.

"அது 6,000 அண்ணே. மற்றதெல்லாம் 18,000" என்றார் பண்ணைக்காரர்.

ஏன் அப்படி என்று கேட்டேன்.

"அது கழிவு. எங்கேயோ கலப்பு விழுந்திருக்கிறது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண், இந்த மூன்றும் இருந்தால்தான் சுத்தமான ராஜபாளையம்."

எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டு, திட்டுக் குட்டியைக் காலால் மெல்ல ஒதுக்கினேன். அந்த ஒதுக்கல் இன்றைக்கும் மனத்தை அறுக்கிறது.

இந்த இனத்தில் சில நாய்களுக்குக் காது கேட்காது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்ததால், அதையும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தகரத் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினார். ஏழும் ஓடிவந்தன. "போதுமா அண்ணே?" என்றார். போதும் என்று நினைத்தேன். ஆறு குட்டி ஓடினால் மிச்சமிருக்கும் ஒன்றும் கூடவே ஓடும், அதற்குக் காது தேவையில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த வெள்ளைக் குட்டிக்குப் பாலு என்று பெயர் வைத்தோம். முதல் வாரம் தூங்கிக்கொண்டே இருந்தான். குக்கர் விசிலுக்குப் பயப்படவில்லை. ஊர்க் கோயிலில் வேட்டுப் போட்ட இரவு தெருநாய்களெல்லாம் வாய்க்காலைத் தாண்டி ஓட, இவன் மட்டும் திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருந்தான். "என்ன தைரியம் பாருங்கள்!" என்றாள் மனைவி. நானும் மறுநாள் டீக்கடையில் நான்கு பேரிடம் பெருமையடித்தேன். மூன்றாவது வாரம், தூங்கிக்கொண்டிருந்தவன் தலைமாட்டில் என் கையிலிருந்த பித்தளைச் செம்பு தவறி விழுந்தது. காதுமடல்கூட அசையவில்லை. பக்கத்தில் போய்த் தரையில் காலை ஊன்றியதும் துள்ளி எழுந்தான். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

கால்நடை மருத்துவர் கண்ணையும் மூக்கையும் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்தார், அவன் பார்க்காத பக்கத்திலிருந்து ஒரு சீழ்க்கை ஊதினார். பிறகு என்னிடம், "18,000இல் 12,000 ரூபாய் நீங்கள் செவிட்டுத்தன்மைக்குக் கொடுத்தது" என்றார். கோபமாகத்தான் வந்தது. ஆனால் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு அவர் அரைமணி நேரம் விளக்கியதைக் கேட்டபின், கோபம் அவர்மேல் இல்லை.

நாய்களின் உடலில் இருப்பவை இரண்டே நிறமிகள். ஒன்று கறுப்பு, மற்றது செம்மஞ்சள். கோம்பை நாயின் சிவப்பு, கன்னி நாயின் கறுப்போடு கூடிய பழுப்பு, லாப்ரடாரின் மஞ்சள் எல்லாமே இந்த இரண்டின் விளையாட்டுத்தான். எந்த இடத்தில் எந்த நிறமி, எவ்வளவு அடர்த்தியில் என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அவை ஜோடி ஜோடியாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகின்றன. சில மரபணு வடிவங்கள் ஒளிந்துகொண்டு வரும். இரண்டு கறுப்பு லாப்ரடார்களும் மஞ்சளுக்கான வடிவத்தை ஆளுக்கொன்றாக மறைத்து வைத்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் மஞ்சளாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறம் மாறிப் பிறந்தாலே கலப்பு என்று அடித்துச் சொல்கிறவருக்கு ஒன்று இது தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது தெரியும்.

வெள்ளைக்கு வருவோம். நான் ஏமாந்தது அங்கேதான்.

வெள்ளையில் இரண்டு வகை இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு காலத்தில் நிறைய இருந்த வெள்ளை ஸ்பிட்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு வெள்ளை, ஆனால் மூக்கு கறுப்பு, கண் விளிம்பு கறுப்பு. அதன் தோலில் நிறமி செய்யும் செல்கள் இருக்கின்றன. முடியில் ஏறும் செம்மஞ்சள் மட்டும் வெளிறி வெளிறி வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளைக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை. இன்னொரு வெள்ளையில் நிறமி செய்யும் செல்களே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. கருவில் இந்தச் செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் பகுதியில் தோன்றி, அங்கிருந்து உடம்பெங்கும் பரவுகின்றன. பாதி வழியில் நின்றுவிட்டால் கடைசியாக எட்ட வேண்டிய நெஞ்சும் கால்விரலும் வால்நுனியும் வெள்ளையாக நிற்கும். தெருநாய்களிடம் நாம் தினம் பார்க்கும் வெள்ளைக் கால்விரல்களுக்கு இதுதான் காரணம். இன்னும் குறைவான செல்களே கிளம்பினால் உடம்பு முழுவதும் வெளுத்துவிடும், மூக்குகூட ரோஜா நிறமாகத் தங்கிவிடும். செல்களின் இந்தப் பயணத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவுக்கு எம்.ஐ.டி.எஃப். என்று பெயர். பல இனங்களில் வெள்ளைத் திட்டுகளுக்கு அதன் மாற்றங்களே காரணம் என்று கண்டறிந்திருக்கிறார்கள்.

இதே செல்கள் உட்காதுக்கும் போயாக வேண்டும். அங்கே அவற்றின் வேலை நிறம் பூசுவதல்ல. ஒலியை உணரும் செல்கள் மூழ்கியிருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்கும் திசுவில் இவை ஒரு பகுதி. இவை இல்லாவிட்டால் அந்தத் திசு நலிகிறது, பின்னாலேயே ஒலியுணர் செல்களும் அழிகின்றன. குட்டி பிறந்து மூன்று நான்கு வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் மீளாது.

"அப்படியானால் அந்தத் திட்டுக் குட்டி?" என்று கேட்டேன்.

"காதருகே நிறம் இருக்கிறதென்றால் அந்தப் பக்கத்துக்குச் செல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நானாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்" என்றார்.

இது நம்மூர் நாய்க்கு மட்டும் உள்ள கதையல்ல. வெள்ளை உடம்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் நாய்களை ஆயிரக்கணக்கில் சோதித்த அமெரிக்க ஆய்வுகளில், ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலோ செவிட்டுத்தன்மை இருந்தது. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் டால்மேஷியன்களுக்கு அந்தக் குறை குறைவு. ஆனால் கண்காட்சி விதிகளின்படி திட்டு இருந்தால் தகுதி நீக்கம். நன்றாகக் கேட்கும் குட்டியை விலக்கிவிட்டு, கேட்காமல் போக வாய்ப்புள்ள குட்டியை இனவிருத்திக்கு வைத்துக்கொள்வதற்கு அங்கே விதி, இங்கே வழக்கம். ராஜபாளையத்திலும் நிறத்தோடு பிறந்த குட்டிகளைக் கழித்துவிடும் பழக்கம் நெடுநாளாக இருந்திருக்கிறது. அதற்குக் காசு கொடுத்து ஊக்கப்படுத்துவது என்னைப் போன்றவர்கள்தான். பண்ணைக்காரர் பொய் சொன்னார், சரி. அந்தப் பொய்யைக் கேட்கத்தானே நான் 18,000 ரூபாயோடு போய் நின்றேன்?

பண்ணைக்காரரிடம் பேசியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாள், காதில் அழுக்கு, எண்ணெய் விடுங்கள் என்றார். இரண்டாவது முறை, மூன்று மாதத்தில் கேட்க ஆரம்பிக்கும் என்றார். மூன்றாவது முறை, குளிப்பாட்டும்போது நீங்கள் தண்ணீர் விட்டுவிட்டீர்கள் என்றார். மருத்துவரின் சான்றை அனுப்பியதும் குரல் மாறியது. "பணம் திரும்பக் கிடைக்காது. இதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த ஈற்றில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்." கொண்டுவந்தால் இவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் கொண்டுபோகவில்லை. அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதும் இல்லை.

இப்போது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு. கூட்டமாக இருக்கும் குட்டிகளைத் தட்டைத் தட்டிக் காட்டினால் நம்பாதீர்கள். உங்களுக்குப் பிடித்த குட்டியைத் தனி அறையில் தூங்க விடுங்கள். அது பார்க்க முடியாத இடத்தில் நின்று, சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தரையில் காலை ஊன்றக் கூடாது, காற்று அதன்மேல் படக் கூடாது. செவிட்டுக் குட்டி அதிர்வையும் காற்றையும் வைத்தே நம்மை ஏமாற்றிவிடும். இப்படிப் பார்த்தும் ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளைத்தண்டின் மின்துடிப்பை அளக்கும் சோதனை வேண்டும். எங்கள் பக்கத்தில் விசாரித்த எந்தக் கிளினிக்கிலும் அது இல்லை. தாயையும் தந்தையையும் நேரில் பார்த்து, அவற்றுக்குக் காது கேட்கிறதா என்றாவது சோதியுங்கள். நான் தாயை மட்டும் பார்த்தேன், அதுவும் சங்கிலியில் கட்டியிருந்ததை, தூரத்திலிருந்து.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனவிருத்தி விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது, இனவிருத்தி செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 45 நாள் குட்டியை நான் வாங்கியபோதே அங்கே விதி மீறப்பட்டிருந்தது. அதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. ரசீது என்று அவர் கொடுத்ததில் "வெள்ளைக் குட்டி 1" என்றுதான் எழுதியிருந்தது. நீங்கள் "காது கேட்கும் குட்டி" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தே போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ராஜபாளையத்தோடு இது நிற்கவில்லை. வெள்ளி நிற லாப்ரடார், நீல டாபர்மேன் என்று "அபூர்வ நிறம்" சொல்லி இரட்டை விலை கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கிறேன். அடர்த்தியைக் குறைக்கும் ஒரு மரபணு வடிவம் ஜோடியாகச் சேர்ந்தால் வரும் நிறங்கள் இவை. நீல டாபர்மேன்களில் பலவற்றுக்கு வளர வளர முதுகில் முடி கொட்டிவிடுவதும் அதே நிறத்தோடு வருவதுதான். லாப்ரடாரில் ஏற்கப்பட்ட நிறங்கள் கறுப்பு, மஞ்சள், சாக்லெட் என்ற மூன்று மட்டுமே.

பாலு இப்போது என் கைச்சாடை ஏழெட்டைக் கற்றுக்கொண்டுவிட்டான். இரவில் டார்ச்சை இரண்டு முறை மின்னினால் தோப்பின் கோடியிலிருந்து ஓடிவருகிறான். தூங்கும்போது மட்டும் என் கட்டில் காலில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் படுப்பான். நான் எழுந்தால் அவனுக்குத் தெரிய வேண்டும். காவலுக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டோம்.

நேற்று மைத்துனன் ஒரு விளம்பரத்தை என் போனுக்கு அனுப்பினான். அதே தகரக் கொட்டகை, அதே தாய் நாய். குட்டிகள் எட்டு. "ஒரு புள்ளிகூட இல்லாத சுத்தப் பால் வெள்ளை" என்று எழுதி, விலை 22,000 என்று போட்டிருக்கிறார்.