ஹட்சுனே மிக்கு படப்பிடிப்பு: சாம்பல் தாளா, பச்சைத் திரையா, செட் அறையா?

ஜப்பானின் சப்போரோ நகரத்தின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகஸ்டு 31 அன்று வெளியிட்ட பாடல் மென்பொருளின் முகமாக அறிமுகமானவள் ஹட்சுனே மிக்கு. அவள் வேடத்தை ஸ்டுடியோவில் படமெடுக்க விரும்புகிறவர்கள் உடையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாக, கணுக்கால் வரை தொங்கும் நீலப்பச்சை இரட்டைக் குதிரைவால் விக்கைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பின்னணி எது என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்துவிடுகிறது.

பின்னர் கணினியில் நீக்கிவிட்டு வேறு பின்னணி சேர்ப்பதற்கான குரோமா பச்சைத் திரையை உடனே விலக்கிவிடலாம். பச்சையை நீக்கும்படி மென்பொருளிடம் சொன்னால் விக்கின் ஓர இழைகளையும் அது சேர்த்தே தின்றுவிடும். நீலத் திரைக்கு மாறினாலும் பயனில்லை, ஏனெனில் முடியின் நிறம் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில்தான் நிற்கிறது.

செட் அறைக்கு வேறு வகையான பலம் உண்டு. ஒலிப்பதிவு அறை போன்ற செட்டில், காதில் ஹெட்செட் அணிந்த மிக்குவை உட்காரவைத்து, முடியைத் தரையில் வளைத்துப் பரப்பிவிட்டால், வெறுந்தாள் ஒருபோதும் தராத கதை படத்துக்குள் வந்துவிடும். ஆனால் இத்தகைய அறைகள் பெரும்பாலும் குறுகலானவை. முடியை வீசினால் மேசையில் சிக்கும், விளக்குத் தாங்கிகள் படத்தில் தெரியும், அருகிலுள்ள வண்ணச் சுவர்களின் சாயல் முகத்தில் படியும். போதாததற்கு, அவளது கறுப்புப் பாவாடையும் கறுப்பு பூட்ஸும் இருண்ட செட்டில் கரைந்துபோகும்.

என் வாக்கு, சுருளிலிருந்து பின்னணியாகத் தொங்கவிடும் சாம்பல் தாளுக்கே. ஒரே சுருளை வெள்ளையாகவும் கறுப்பாகவும் காட்ட முடியும் என்பதே அதன் தனிச்சிறப்பு: விளக்கிலிருந்து மாடல் 1 மீட்டரிலும் தாள் 4 மீட்டரிலும் இருந்தால், தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஒளி குறைவதால், தாளுக்கு மாடல் பெறும் ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் கிடைத்து அது ஏறக்குறைய கறுப்பாகிவிடும், தாளுக்கென்றே தனி விளக்கு வைத்தால் வெளுத்துவிடும். 2010 முதல் சப்போரோ பனிவிழாவோடு இணைந்த வெண்ணிற 'யூகி மிக்கு' வேடத்துக்கு வெள்ளைத் தாளைத் தேர்ந்தெடுப்பவர்களை எனக்குப் புரிவதேயில்லை. உடையின் விளிம்பே தெரியாது. அகலத்தில் மட்டும் கவனம் தேவை. வழக்கமான 2.72 மீட்டர் சுருள் நிற்கும் படத்துக்குப் போதும். இருபுறமும் முடியை வீசும் படத்துக்கு விக்கின் நுனிகள் தாளைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், 3.55 மீட்டர் சுருள் உள்ள ஸ்டுடியோவைக் கேட்டுப் பதிவு செய்வது நல்லது.

விளக்கிலும் ஒரு போட்டி உண்டு. எல்.இ.டி.யில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதை எடுக்கும்போதே பார்க்க முடிவதால் செயற்கை இழை விக்கின் பளபளப்பை எளிதில் அடக்கலாம். ஆனால் பறக்கும் முடியை உறையவைக்குமளவு ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சாதாரண எல்.இ.டி.யின் ஒளி போதாமல் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்ற வேண்டியிருக்கும். ஃப்ளாஷின் மின்னல் மிகக் குறுகியது என்பதால் அந்தச் சிக்கல் அங்கில்லை. பக்கவாட்டுப் பின்புறத்திலிருந்து இன்னொரு ஃப்ளாஷ் கொடுத்தால் இழைகள் தனித்தனியாக எடுபடும்.

எதைத் தேர்ந்தாலும் நெருக்க முகப்படங்களை முதலில் முடித்து, முடி வீசும் படங்களைக் கடைசிக்கு வைப்பதே முறை. வீசிச் சிக்கலான நீள விக்கை அங்கேயே சீவி நேராக்குவதற்குள் வாடகை நேரம் தீர்ந்துவிடும்.